சுருதி என்னவென்று கேட்டவர்

கானாடுகாத்தானில் ஒரு பழைய பெரிய வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. போன மார்கழியில் மதுரையிலிருந்து ஓர் அம்மா தனியாக வந்து தங்கினார். ஐம்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது. சொல்ல வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுவார். நானும் அப்படியே பதில் சொல்வேன்.

இரண்டாம் நாள் காலை, "சுருதி என்றால் என்ன?" என்று காட்டினார்.

எனக்குத் தெரிந்த சுருதி, தேவகோட்டையில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியத்தோடு சேராமல் போவதுதான். அதையே எழுதினேன். இல்லையென்று தலையாட்டினார். "வேதத்தைச் சுருதி என்கிறார்களே, அது."

வண்டி ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன். "காரைக்குடிப் பக்கம் வேத பாடசாலை இருக்குல்ல, வாத்தியாரக் கேட்டா சொல்லுவாக. அம்மாவக் கூட்டிட்டு வாங்க, போவோம்" என்றார்.

நாங்கள் போனபோது பையன்கள் பத்துப் பேர் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் புதிதாய்ச் சேர்ந்த ஒருவனின் தலையைப் பிடித்து, குரல் இறங்க வேண்டிய இடத்தில் தாழ்த்தி, ஏற வேண்டிய இடத்தில் நிமிர்த்தினார். அந்த அம்மா அதையே பார்த்து நோட்டில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன்.

"காதால கேட்டு வாயால சொல்றது. அதான் ச்ருதி. எழுதி வெச்சுண்டு கத்துண்டா அது ச்ருதி ஆகாது."

"காதால் கேட்கப்பட்டது" என்று மட்டும் தட்டிக் காட்டினேன்.

"இன்னும் ஏதோ சொன்னாரே. உதட்டைப் பார்த்தேன்" என்று எழுதினார் அந்த அம்மா.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மீதியையும் எழுதினேன். படித்துவிட்டு, தன் நோட்டை வாத்தியாரிடம் நீட்டினார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்குக் காது கேட்காது, தலைகள் ஏறி இறங்குவதைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று நான் சொன்னேன். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடுகளின் மேல் விரலை நகர்த்தியபடி மெல்ல ஓதினார். ஓரிடத்தில் நின்றார்.

"இங்க இறங்கணும்." பென்சிலை வாங்கி அவரே திருத்தினார்.

"மத்ததெல்லாம் சரிங்களா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப இதுவும் சுருதிதானா?"

"அதெப்படி ஆகும்?" என்றார். ஆனால் நோட்டைத் திருப்பித் தரவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வண்டியில் ஏறியதும், கடைசியாக என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டார். 'சரி என்றார்' என்று தட்டி அழித்தேன். 'இல்லை என்றார்' என்று தட்டி அதையும் அழித்தேன். கடைசியில் இரண்டையும் எழுதிக் காட்டினேன்.

"இரண்டும் எப்படி?"

"எனக்கும் புரியவில்லை, அம்மா."

மறுநாள் ஊருக்குப் புறப்படுமுன் அண்ணனின் வண்டியில் அவர் மட்டும் மறுபடி பாடசாலைக்குப் போய்வந்தார். "ரெண்டு மணி நேரம் இருந்தாக. வாத்தியாரு நோட்டுல என்னமோ எழுதிக் குடுத்தாக" என்றார் அண்ணன்.

என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் தோன்றியபோது, அந்த அம்மா மதுரை போய்ச் சேர்ந்திருப்பார்.