ரோஸ்மேரியும் கொரிந்து ஊர்ப் பந்தியும்

எங்கள் சபையின் வெள்ளிவிழா மலருக்கு என் படமும் நான் முன்னுக்கு வந்த வரலாறும் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாற்றுச் சட்டை ஒன்றோடு திருப்பூருக்கு வந்து, தையல்காரர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடியாக இருந்தவன். இன்று காங்கேயம் ரோட்டில் அறுபது மிஷின் ஓட்டுகிறேன். யார் தயவும் கிடையாது. துணியை விரலால் தொட்டே அதன் கனம் இவ்வளவு என்று சொல்லுவேன். தராசில் வைத்துப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்காதவர்கள் சபையில் யாரும் இல்லை. அதனால் எனக்குக் கொடுத்த பக்கத்தில், என்னிடம் செக்கிங் வேலை பார்க்கும் ரோஸ்மேரியைப் பற்றி எழுதுகிறேன். போதகருக்குப் பிடிக்கவில்லை என்றால் வெட்டிக்கொள்ளட்டும்.

ரோஸ்மேரிக்கு உடன்குடிப் பக்கம். எனக்கும் அந்தப் பக்கம்தான், அதனால் என்னை அண்ணாச்சி என்பாள். கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் பம்பாய்க்குப் போனான். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவன் செத்தான் என்று யாரும் சொல்லாததால் அவள் தாலியைக் கழற்றவில்லை. வருவான் என்று யாரும் சொல்லாததால் வாசலையும் பார்க்கவில்லை. ஒரு வேதாகமக் கல்லூரியில் நூலகம் பெருக்கும் வேலைக்குப் போனாள். ஆறு வருடம். புத்தகத் தூசி தட்டப் போனவள், தட்டியதையெல்லாம் படித்துவிட்டாள். கல்லூரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இவள் திருப்பூருக்குப் பஸ் ஏறினாள்.

இருபத்திரண்டு வருடமாக என் கம்பெனியில் அதே மேசை, அதே மூலை. பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிசிறு வெட்ட வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போனதில்லை. இருப்பது பின் தெருவில் லைன் வீட்டில் ஓர் அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். "இன்னொரு தட்டு வாங்கினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. அது சும்மா கெடந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.

அவள் செக்கிங் மேசையில் கதை சொல்லுவாள். அற்புதங்கள் பற்றி இல்லை. அந்த முதல் காலத்து விசுவாசிகள் என்ன வேலை பார்த்தார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதுதான் அவள் கதை. அப்போஸ்தலன் பவுல் கூடாரம் தைத்த ஆள், ஊர் ஊராகப் போய் யாராவது தொழில் தெரிந்தவன் பட்டறையில் உட்கார்ந்து தைப்பார் என்பாள். லீதியாள் இரத்தாம்பரம் என்கிற ஊதாச் சாயத் துணி விற்றவள். அந்தச் சாயத்தைக் கடல் சங்கிலிருந்து எடுப்பார்கள், நாற்றம் தாங்காது, சாயப் பட்டறைகளை ஊருக்கு ஒதுக்கமாக வைத்திருந்தார்கள் என்பாள்.

பக்கத்து மேசை வேலாத்தாள் ஊத்துக்குளிக்காரி. அவள் விடமாட்டாள். "அப்படின்னா அங்கீமு நம்ம நொய்யலாட்டம் ஒரு ஆறு மாட்டியிருக்குமுங்க, பாவம்."

இந்தக் காங்கேயம் பக்கத்துப் பச்சைக்கல்லுக்கும் துணிக்கும் ரோமாபுரிக்காரன் கொடுத்த காசு, இங்கே காட்டில் உழும்போது கிடைத்திருக்கிறது என்றும் ரோஸ்மேரிதான் சொன்னாள். "ஏற்றுமதியை நீங்க ஆரம்பிக்கல அண்ணாச்சி" என்று சிரிப்பாள். என்னிடம் அப்படிப் பேச வேறு யாருக்கும் தைரியம் கிடையாது.

நாலு வருடத்துக்கு முன் என் மனைவி காலமானாள். மூத்தவன் கோயம்புத்தூரில், இளையவன் கனடாவில். வீடு மூன்று மாடி. சாயங்காலம் டீ நேரத்தில் செக்கிங் மேசைப் பக்கம் போய் நிற்பேன். வேலை பார்க்கிறார்களா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் கதை கேட்கப் போனேன்.

அப்படிக் கேட்டதுதான் கொரிந்து ஊர்க் கதை. இரண்டு கடலுக்கு நடுவில் இருந்த ஊர். இந்தக் கரையில் இறக்கிய சரக்கைத் தரைவழியாக இழுத்து அந்தக் கரையில் ஏற்ற வேண்டும். இழுக்கிறவனும் தூக்குகிறவனும் அடிமையும்தான் அங்கே சபையில் பாதிப்பேர். கோயில் கட்டாத காலம். வசதியான ஒருவன் வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்கள். சாப்பாட்டு அறையில் பத்துப் பேருக்குத்தான் இடம். நேரம் கையில் இருக்கிறவன் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். மூட்டை தூக்கியவன் விளக்கு வைத்த பிறகு வருவான். அப்போது பானையில் எலும்புதான் இருக்கும். பவுலுக்குக் கோபம் வந்து கடிதம் எழுதினார்.

"அந்த வீட்டுக்காரன் கொஞ்சம் பொறுத்தா என்னவாம்? என்ன மனுஷன்" என்றேன்.

"பசிச்சிருக்கும் அண்ணாச்சி. கெட்டவன்லாம் இல்ல" என்றாள்.

அந்தக் கதை எனக்குப் பிடித்துப்போய், சபைக் கமிட்டிக் கூட்டத்தில் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன். கை தட்டினார்கள்.

எங்கள் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று அசனம் உண்டு. எங்கள் தெற்குச் சீமை வழக்கம்: சபை மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து இலையில் கறிச்சோறு சாப்பிடுவது. பண்டிகைத் தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் மாறாது. ஆறரைக்கு ஆராதனை முடிந்ததும் பந்தி. ஆடு என்னுடையது, ஆரம்பத்திலிருந்து. என் கம்பெனியிலோ ஒன்றரை ஷிப்ட். எட்டரைக்குத்தான் ஆள் வெளியே வரும். அதனால் ரோஸ்மேரி ஒரு தடவைகூடப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. நான் மறக்காமல் பார்சல் அனுப்பிவிடுவேன். எந்த முதலாளி அனுப்புவான்?

"பார்சல் வந்துச்சா?" என்று கேட்டால், "வந்துச்சு அண்ணாச்சி. அது சோறு. அசனம்னா பக்கத்துல ஆள் வேணும்லா?" என்பாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் ஆபீஸ் அறைக்கு வந்தாள். அத்தனை வருடத்தில் என்னிடம் எதுவும் கேட்காதவள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஒருநாள் ஒரு ஷிப்டோட விட்ருங்க. நாங்க நம்ம சபைக்காரங்க ஆறு பேர் இருக்கோம். அஞ்சரைக்குப் போனா எல்லாரோடயும் ஒக்காந்திரலாம்."

பண்டிகைக்கு மறுநாள் காலையில் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். "மிஷின நிறுத்த முடியாது ரோஸ்மேரி. பந்திய நிறுத்துதேன். நீங்க வந்து ஒக்கார்ற வரைக்கும் ஒரு எலை விழாது. ஆடு யாருது?"

"ஒங்க ஆடுதான்."

"பெறகென்ன?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மேசைக்குப் போய் மற்ற ஐந்து பேரிடமும் சொன்னாள். "மொதலாளி சொல்லிப்போட்டாருன்னா எலை மூச்சுக்கூட உடாதுங்க" என்று வேலாத்தாள் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பண்டிகை அன்றைக்குச் சபைச் செயலாளர் அருள்செல்வனிடம் ஒன்பது மணிவரை பொறுக்கச் சொன்னேன். தலையாட்டினார். ஏழு மணிக்குப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. ஏழரைக்கு அவர் என் காதோரம் குனிந்தார்.

"அண்ணாச்சி, சுகர்காரங்க நெறையப் பேர் இருக்காங்க. சோறும் ஆறுது. நீங்க ஒக்காந்தீங்கன்னா ஆரம்பிச்சிரலாம். அந்தப் பொம்பளைங்களுக்குத் தனியா எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். செக்கிங் ஆட்கள் ஆறு பேர் எழுந்து வந்தால் அறுபது மிஷின் நின்றுவிடாது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. முதல் வரிசையில் நடு இடம் எனக்கு விட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். மூன்றாவது கை சோறு எடுக்கும்போது கொரிந்து ஊர் ஞாபகம் வந்தது. கையை நிறுத்தவில்லை. பசித்தது, கறியும் நன்றாக இருந்தது.

எட்டே முக்காலுக்கு ஆறு பேரும் வந்தார்கள். கம்பெனியிலேயே முகம் கழுவிச் சேலை மாற்றிப் பூ வைத்திருந்தார்கள். மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தரை கழுவி ஈரம். அருள்செல்வன் ஓடிப் போய், "ஒக்காருங்கம்மா, இருக்கு இருக்கு" என்று ஆறு இலை போட்டார். நான் கமிட்டிக்காரர்களோடு பேசியபடி கடைசியாக எழுந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ரோஸ்மேரி நேரே என்னிடம் வந்தாள்.

"தண்ணி வருதா அண்ணாச்சி?"

"வருது."

கையைக் கழுவினாள். போய் அந்த ஐந்து பேருக்கும் அவளே பரிமாறினாள். ஆறாவது இலையை மடித்து ஓரமாக வைத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கன்டெய்னர், சுகர், பிள்ளைகள் என்று என்னிடம் பதில் தயாராக இருந்தது.

மறுநாள் வேலைக்கு வந்தாள். வேலையில் குறை இல்லை. ஆனால் டீ நேரத்தில் நான் பக்கத்தில் போனால் கதை நின்றுவிடும். "என்ன ரோஸ்மேரி" என்றால் "ஒண்ணுமில்ல சார்" என்பாள். அந்த 'சார்' எனக்குப் புதிது. நாலைந்து வாரம் போனது. டீயை ஆபீசுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

பிறகு வேலாத்தாள்தான் ஒருநாள் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை ரெண்டு மணிக்கு ரோஸ்மேரி ஊட்டு வாசல்ல நாங்க எல்லாருஞ் சோறுண்றமுங்க. ஆளுக்கொரு பண்டம். நான் உங்க கோயிலுக்கு வராதவ, என்னையுஞ் சேத்திக்கிட்டாங்க. பிந்துனவங்க வர்ற முட்டும் ஒருத்தரும் கை வெக்கக் கூடாதுன்னு சட்டம் பேசறாங்க, உங்க ஊர்க்காரம்மா."

அடுத்த ஞாயிறு போனேன். அடுத்த பண்டிகைக்கு ஐந்தரைக்கே கம்பெனியை மூடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். லைன் வீட்டுப் பொது வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டிருந்தது. பாத்திரங்கள் மூடியிருந்தன.

ரோஸ்மேரி எழுந்தாள். "வாங்க அண்ணாச்சி. ஒக்காருங்க, சாப்பிடலாம்."

அண்ணாச்சி என்றுதான் சொன்னாள். வேலாத்தாள் நகர்ந்து இடம் விட்டு, "ஏனுங்க மொதலாளி, கீழ உக்கோந்தா முட்டி புடிச்சுக்குமுங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதுதான். ஆனால் அடுத்தவர் சோற்றுக்கு நான் கையை நீட்டியது கைமடியாக இருந்த காலத்தோடு முடிந்துபோனது. "நான் சாப்பிட்டாச்சு" என்றேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளியை மூன்று தடவையாவது கூப்பிடுவார்கள். இரண்டாவது தடவைக்காக நின்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றாள் ரோஸ்மேரி. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "அண்ணாச்சி சாப்ட்டாங்களாம். ஆரம்பிங்க" என்றாள்.

அப்போதுதான் பாத்திரங்களின் மூடியை எடுத்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே தெரு முனைக்கு வந்து காரில் ஏறி உட்கார்ந்தேன். மீன் குழம்பு வாசனை அதுவரைக்கும் வந்தது.