எந்தப் பக்கம்?

இல்லாத ஊருக்குக் காவல் இருக்கும் மனிதர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அப்படி ஒருவரை எட்டு மாதம் என் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து, வடையும் கோப்பியும் கொடுத்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் கடைசி அது. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஞாயிறு மதியங்களில் ஒரு விளையாட்டு நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். என் தம்பி பாயான் பாருவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பயிற்சிக்கு வெளிநாடு போனவன் இந்தப் பைத்தியத்தையும் ஒரு புத்தகத்தையும் கூடவே கொண்டுவந்தான். அவனோடு வேலை செய்த ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கதை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த நான்தான் அந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுதாகப் படித்தவள்.

அதில் ஒரு கற்பனை நாடு இருந்தது. அரசர்கள், மலைகள், சண்டைகள் எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றாறு பக்கம். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு தீவு. அதற்குப் பெயரை மட்டும் போட்டுவிட்டு எழுதியவர் தூங்கப் போய்விட்டார். அந்தத் தீவை நான் கட்டினேன். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் டைப் அடித்து, அடியில் 97 என்று போட்டு, புத்தகத்தின் கடைசியில் கிளிப் மாட்டிச் செருகினேன். ஒரு துறைமுகம், ஒரு சந்தை, பெருநிலத்துக்குப் போய்வர ஒரு படகு. தீவுக்கு வருகிறவர்கள் காசு கொடுக்க வேண்டும், தீவை விட்டுப் போகிறவர்களுக்கு இலவசம். நம் பினாங்கு ஃபெரி அப்படித்தானே? வேறு மாதிரி எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. தம்பியின் தோழி அந்தப் படகுத்துறையில் ஒரு மீன்கறிக் கடை போட்டாள். மந்திரவாதியாக ஆட்டத்துக்கு வந்தவள், கடை போட்டபின் மந்திரத்தையே மறந்துபோனாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் தம்பி புத்தகத்தைப் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்தான். அந்த நகலிலிருந்து வேறு யாரோ நகல் எடுத்தார்கள். அசல் புத்தகமே டைப் அடித்த மாதிரிதான் இருக்கும். நாலாவது நகலில் எல்லாம் ஒரே மங்கல்.

அப்படி ஒரு நகலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் அவர். பாகான் டாலாம்காரர், பேங்க் கிளார்க், நாற்பதை நெருங்கிய மனிதர். நகலுக்கு அட்டை போட்டு, மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். தீவுக்காரர்களான நாங்கள் கடலுக்கு அக்கரையை ‘அந்தப் பக்கம்’ என்போம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் வாயைத் திறந்தாலே ‘எந்தப் பக்கம்?’ என்பார்.

“ராஜாவுக்கு இருமல்னு எந்தப் பக்கத்துல இருக்கு, தங்கச்சி?”

மழை பெய்ததற்குக்கூட ஆதாரம் கேட்டார். இல்லையென்றால், “அப்ப இது அஃபிஷியல் இல்ல” என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் சாமி சன்னதியில் நிற்பவர்போல் அவர் குரல் தணியும். எட்டு மாதத்தில் அவருடைய வீரன் ஒரு நல்ல காரியம் செய்து நான் பார்க்கவில்லை.

கடைசியில், “புக்கு தெரிஞ்சவங்கதான் கேம நடத்தணும் லா. அடுத்த வாரம் முடிவு பண்ணிடலாம்” என்றார். தம்பி தலையாட்டினான். வாரம் முழுக்க அடுத்தவர்கள் சொன்ன கடிதங்களை அடிக்கிறவள் நான். சொந்தமாக ஒன்றைச் சொல்லி நாலு பேர் கேட்டது கதை நடத்தும் அந்த நாற்காலியில் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு, கதையில் தீவுக்குக் கொள்ளைநோய் வந்தது. சனங்கள் தப்பித்து ஓடினார்கள். படகுக்காரன் பேராசை பிடித்து, போகிறவர்களிடமும் காசு கேட்டான் என்றேன். அவர் மேசையைத் தட்டினார்.

“தப்பு. பக்கம் தொண்ணூத்தேழு. தீவுக்கு வர்றதுக்குத்தான் காசு, போறதுக்கு ஃப்ரீ. எவ்ளோ நுணுக்கமா எழுதியிருக்கான் பாருங்க. வெள்ளைக்காரன் மூளை லா! நமக்கெல்லாம் இப்படித் தோணுமா?”

எட்டிப் பார்த்தேன். என் பக்கம்தான். என் டைப்ரைட்டரில் ‘ஜி’ எழுத்துக்கு வால் உடைந்திருக்கும், அந்த உடைசல்கூடத் தெரிந்தது. அன்று காலை அக்கரையில், பட்டர்வொர்த்தில் காசு போட்டு ஃபெரி ஏறி வந்த மனிதர், சாயங்காலம் அதே ஃபெரியில் சும்மா திரும்பப்போகும் மனிதர், அதை வெள்ளைக்காரன் மூளை என்கிறார். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் வெட்கக்கேடு. அந்த ஆள் பாராட்டியா நான் பூரித்துப்போக வேண்டும்?

அசல் புத்தகத்தை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன். தொண்ணூற்றாறோடு அச்சு முடிந்திருந்தது. அதற்கு அடுத்து கிளிப்பில் என் தாள்.

“அந்தப் பக்கம் நான் அடிச்சது, அண்ணே.”

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். அவர் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, தன் நகலில் தொண்ணூற்றேழாம் பக்கத்தின் குறுக்கே நேர்த்தியாக இரண்டு கோடு இழுத்தார்.

“அப்ப இது அஃபிஷியல் இல்ல. நல்லவேளை சொன்னீங்க, தங்கச்சி.”

“அப்ப என் கடை?” என்றாள் தோழி.

“படகே இல்லையேம்மா. கடை எங்கேர்ந்து வரும்?”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் வடையைப் பார்த்தான். “அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு லா, அக்கா. புக்குல இல்லதானே.”

ஆட்டம் பாகான் டாலாமுக்கு, அவர் வீட்டுக்கு மாறியது. தோழி போகவில்லை. தம்பி போனான். மூன்றாவது வாரம் வியர்த்து வழிய வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே புலம்பினான்.

“மத்தியானம் பூரா புக்கப் புரட்டிக்கிட்டே இருந்தாரு, கதை நகரவே இல்ல. ஃபெரியில வேற, போறப்ப சும்மா விட்டுடறான், வீட்டுக்கு வர்றதுக்குக் காசு புடுங்குறான். என்ன நியாயம் லா இது?”

“எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று கேட்டேன்.

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.