கொர்னேல் இறக்கிய சுருதி

மொஹாச் நகரில் டான்யூப் ஆற்றின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் பார்த்துக் குறித்து வைப்பது கொர்னேலின் வேலை. வியாழக்கிழமை மாலைகளில் அவர் பாடகர். ஆறு ஆண்கள் சேர்ந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், பழைய தேவாலயப் பாட்டுகளைப் பாடும் குழு ஒன்று அந்த ஊரில் இருபத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறது. அதில் கொர்னேல் நடுக்குரல். நடுக்குரல் என்பது சூப்பில் உப்பு மாதிரி. இருக்கும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கைதட்டல், பூங்கொத்து, விதவைப் பெண்மணிகள் சுட்டு அனுப்பும் கசகசா ரொட்டி எல்லாம் உச்சக்குரல் லோராண்டுக்குத்தான் போகும். கொர்னேலுக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ரொட்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு.

லோராண்ட் முடிதிருத்துபவர். கடையில் கண்ணாடிகள் அதிகம். அதனாலோ என்னவோ தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம். பதினொரு வருடத்துக்கு முன், மனைவி பிரிந்து போன குளிர்காலத்தில், ஒத்திகையின்போது கடைசி அல்லேலூயாவின் உச்சியில் அவர் குரல் பிளந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு, மாட்டியிருந்த கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்து அவர் அழுததைக் கொர்னேல் மட்டும் பார்த்தார். அடுத்த வாரம் நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஏன்டா, அரைச் சுரம் கீழ ஆரம்பிச்சா என்ன? ஊர்ல எவனுக்குத் தெரியப் போவுது?"

"எழுதின சுருதியிலதான் பாடுவேன். அதுக்குக் கீழ பாடுற அன்னிக்கு என்னைக் குழியில எறக்கிடு."

அதற்குமேல் என்ன பேசுவது? கொர்னேல் தன் வழியைப் பார்த்தார். ஒவ்வொரு அடி தொடங்கும்போதும் நடுக்குரலை ஒரு மயிரிழை தாழ்த்துவார். வாத்தியம் இல்லாத பாட்டில் எல்லோர் காதும் நடுக்குரலைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கும். அவர் இறங்க, மற்றவர்களும் அறியாமலே இறங்குவார்கள். கடைசி அல்லேலூயாவுக்கு வருவதற்குள் பாட்டு முழுதும் அரைச் சுரம் கீழே போயிருக்கும். லோராண்ட் கம்பீரமாக உச்சியில் ஏறி நிற்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பதினொரு வருடம் செய்து காட்டினார் கொர்னேல்.

இந்த வருடத் தவக்காலத்தில், குழுவை நடத்தும் இசைப்பள்ளி ஆசிரியர் புல்ச்சூ, ஆளுக்கொரு மைக் மாட்டி, சுருதி அளக்கும் கருவியோடு வந்தார். அப்போது குட்டு உடைந்தது.

"கொர்னேல் அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒவ்வொரு அடியிலயும் நீங்கதான் முதல்ல இறங்குறீங்க. நாங்க பின்னாடியே வழுக்கி விழறோம்."

"ஓட்டை எங்கன்னு நானும் தேடிட்டிருந்தேன்யா!" என்று தொடையைத் தட்டினார் லோராண்ட். "என் பக்கத்துலயே தொப்பையோட நின்னிருக்கு! தூக்குங்க இவனை!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கொர்னேல் வாய் திறக்கவில்லை. புல்ச்சூ ஒரு தவணை கொடுத்தார்: குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின ஒத்திகையில் சுருதி பிசகாமல் பாடினால் இருக்கலாம், இறங்கினால் வெளியே.

அன்று கொர்னேல் மூன்று அடிகளைக் கம்பி மாதிரி பாடினார். நான்காவதில் லோராண்டின் கழுத்து நரம்பு புடைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தெரிந்தே இறங்கினார். வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி இல்கா கரண்டியோடு நின்றாள்.

"ஆத்துல ஒரு விரக்கடை தண்ணி வத்தினாலே கண்டுபிடிக்கிற ஆளு நீ. உனக்கா சுருதி தெரியாது? போய் உண்மையைச் சொல்லேன்யா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா அவன் பாடறதையே விட்டுடுவான், இல்கா."

"இப்ப நீ விட்டுட்டு வந்திருக்கியே, அதுக்கு யாரு அழறது?"

அடுத்த வியாழன் மாலை ஆறு மணிக்குக் கொர்னேலின் கால்கள் தாமாக ஷூவைத் தேடின. இல்கா பார்க்காதது மாதிரி உருளைக்கிழங்கு உரித்தாள்.

ஈஸ்டர் ஞாயிறு கச்சேரிக்கு இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கொர்னேல் இடத்தில் ஓர் இளைஞன், சுருதி சுத்தம். பாட்டு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. கடைசி அல்லேலூயாவில் லோராண்ட் ஏறினார், ஏறினார். பாதி வழியில் சேவலைக் கழுத்தில் பிடித்தது மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் விதவைப் பெண்மணிகள் குனிந்து கைப்பையைத் துழாவினார்கள். இல்கா முழங்கையால் இடித்தாள். கொர்னேலுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தொண்டையே கிழிந்தது போல வலித்தது.

மறுநாள் ஈஸ்டர் திங்கள். ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள் தலையில் வாசனைத் தண்ணீர் தெளித்து, பாட்டுச் சொல்லி, சாய முட்டையும் பழச்சாராயமும் வாங்கிக்கொள்ளும் நாள். பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசனைத் தண்ணீர் சீசாவோடு லோராண்ட். வருடா வருடம் எட்டு வரி சொல்கிறவர், இன்று வாயடைத்து நின்றார்.

"பாட்டு எங்கய்யா? நேத்தோட தீர்ந்துபோச்சா?" என்றாள் இல்கா. ஆனாலும் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவர் பேருக்கு நாலு துளி தெளித்தார். கொர்னேலைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாடா?"

"பதினொண்ணு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா பாடியிருப்பியா?"

லோராண்ட் நாற்காலியில் உட்கார்ந்து, ஊற்றிக் கொடுத்ததை ஒரே மடக்கில் குடித்தார். கண் கலங்கியதற்குச் சாராயத்தின் மேல் பழி போட்டார்.

"புல்ச்சூ வீட்டுக்குப் போயிட்டுதான் வரேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே அரைச் சுரம் கீழதான் ஆரம்பிக்கிறோம். நீ வியாழக்கெழமை வந்துடு."

கொர்னேல் தலையை ஆட்டினார். இல்கா தட்டிலிருந்த முட்டைகளில் நல்ல சிவப்பாக ஒன்றைப் பொறுக்கி லோராண்ட் கையில் வைத்தாள்.

வாசல்வரை போன லோராண்ட் திரும்பி வந்தார். இல்கா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கொர்னேலின் காதருகே குனிந்தார்.

"அரைச் சுரம் கீழ ஆரம்பிச்சாலும்... அந்தக் கடைசி அல்லேலூயாவுல மட்டும், நீ கொஞ்சம் எறங்கிடுடா."