தேயிலையின் மரபணுவைத் திருத்தப் போனவன்

மரபணுத் திருத்தம் செய்கிறேன் என்றால் கல்யாண வீட்டில் மரியாதை கிடைக்கும், ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது. புட்டிக்குள் செடி வளர்த்துப் பாதி முடியைப் பறிகொடுத்த தோழர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

கங்காணியின் சந்தேகம்

கம்போங் ராஜா ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொப்புள நோயைத் தாங்கும் தேயிலையை உருவாக்குவது என் வேலை. கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கும் முனியாண்டி கங்காணிக்கு விளக்கினேன். ஒரு வைரஸ் தாக்கினால் பாக்டீரியா அதன் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளும். அதே வைரஸ் திரும்பி வந்தால் வெட்டிப் போடும். அந்த வெட்டும் கருவியைக் கடன் வாங்கித்தான், நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவை வெட்டுகிறோம். கருவியைச் செடிக்குள் சுமந்து போவதும் இன்னொரு பாக்டீரியாதான்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெட்டுறது கிருமி, தூக்கிட்டுப் போறதும் கிருமி. அப்ப நீங்க என்னா சார் செய்றீங்க?"

மேரி அக்காவின் யோசனை

சுமந்து போன பாக்டீரியாவை வேலை முடிந்ததும் மருந்து விட்டுக் கொல்ல வேண்டும். செடி பாவம் என்று நான் மருந்தைக் குறைத்தேன். மறுவாரம் புட்டியெல்லாம் பால் கலந்தது போல வெளுத்துவிட்டது. ஒரே ஒரு செடி பிழைத்தது.

புட்டி கழுவும் மேரி அக்காதான் ஆறுதல் சொன்னார்: "தேயில வரலன்னா என்னா, கிருமி நல்லா பிடிச்சிருக்கு. மேனேஜர் தொரகிட்ட இதயே காட்டலாம்லா."

துரை வந்த அன்று

அந்த ஒற்றைச் செடியைத் தொட்டியில் நட்டு, முழங்கால் உயரம் வரும்வரை பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டேன். அதைக் காட்டாவிட்டால் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவதாக மேனேஜர் துரை சொல்லியிருந்தார். வந்தார். நானும் செடிக்குப் பக்கத்தில் நின்று கை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பள்ளி விடுமுறைகளில் இதே கங்காணியின் கீழ் அம்மாவோடு கொழுந்து எடுத்துப் பழகிய கை அது. பேச்சு சூடுபிடித்ததும் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது. குனிந்து பார்த்தால் செடியின் நுனி என் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது! எனக்கு உயிரே போய்விட்டது.

கங்காணிதான் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு எல, ஒரு மொட்டு, கணக்கு தப்பல. அப்படியே உங்கம்மா கை சார்."

தேயிலை கிள்ளினால் கிளைக்கும் என்பதால் இன்று அந்தச் செடியில் மூன்று கிளைகள் இருக்கின்றன, ஆய்வுக்கூடமும் இருக்கிறது, ஆனால் கையைப் பின்னால் கட்டாமல் செடிப் பக்கம் போகக் கங்காணி என்னை விடுவதில்லை.