கீ செய்தவளே செக் செய்யக்கூடாது

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையை மூடிய மறுவாரம், திங்கட்கிழமை காலை வழக்கம்போல் குளித்து உடுத்திக் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். "மா, எங்க கிளம்பிட்டீங்க?" என்று மகள் யாழினி கேட்ட பிறகுதான் உறைத்தது. பசாருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று தேவையில்லாமல் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினேன்.

நான் சம்பளப் பிரிவில் இருந்தவள். அங்கே ஒரு விதி உண்டு: கணினியில் விவரத்தைப் பதிந்து கீ செய்பவர் ஒருவர், செக் செய்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. நான் கீ செய்வேன். ஃபரீதா அக்கா செக் செய்வார், கேலி செய்யாமல் எதையும் விடமாட்டார். "மாலதி, இந்தத் தம்பி மெடிக்கல் லீவுல இருக்கான். ஓவர்டைம் போட்டிருக்கியே. கட்டில்ல படுத்துக்கிட்டே மெஷின் ஓட்டினானா லா?"

என் திட்டம்

கையில் தொழிற்சாலை தந்த இழப்பீட்டுத் தொகை இருந்தது. ஜெலுத்தோங் வீட்டுக்குக் கடன் பாக்கி இருந்தது. மாதக் கடைசிக்குள் யாழினியின் காலேஜ் பீஸும் கட்டவேண்டும். வேலை போன பயத்தில் முதலில் வீட்டைக் காப்பாற்றத் தோன்றியது. இழப்பீட்டை வைத்துக் கடனை முழுதாக அடைப்பது, தனியார் ஓய்வு நிதியிலிருந்து எடுத்து பீஸ் கட்டுவது என்று முடிவு செய்தேன். அந்த நிதி, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் சேமநிதி போன்றது அல்ல. வருமான வரிக் கழிவுக்காக வருடக் கடைசியில் நானாகப் போட்டு வந்த பணம்.

வேலைதான் போய்விட்டதே, இனி தாராளமாக எடுக்கலாம் என்று நினைத்தேன். சட்டம் வேலையைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது. ஐம்பத்தைந்துக்கு முன் எடுத்தால் எட்டு விழுக்காடு வரி பிடிப்பார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு. வரி போக மிஞ்சுவது பீஸுக்குப் போதாது. வேறு வழி தெரியாமல் பணம் எடுப்பதற்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. பழக்கதோஷம்தான். இதை யாரும் செக் செய்யவில்லையே.

சூலியா தெருவில்

வேலை போனபின் ஃபரீதா அக்கா சூலியா தெருவில் தன் தம்பியின் பணமாற்றுக் கடையில் உட்கார்ந்திருந்தார். பாரத்தை நீட்டினேன்.

"சம்பளமும் இல்ல, இன்னும் செக் பண்ணச் சொல்ற" என்றபடி கண்ணாடியை மாட்டினார். "வேல செய்யும் இடம்னு நம்ம பேக்டரியப் போட்டிருக்க. அங்க காவலுக்கு ஒரு கார்டு கூட இல்லடி இப்ப."

"கை தானா எழுதிடுச்சுக்கா."

"சரி, காரணம் என்ன?" சம்பளப் பிரிவிலும் அவர் முதல் கேள்வி அதுதான்.

"பீஸ் கட்டணும்."

"அப்ப இழப்பீட்டுக் காசு?"

"அது வீட்டுக் கடனுக்குக்கா."

பாரத்தைக் கவிழ்த்து வைத்தார். "தலைகீழா வெச்சிருக்க. வீட்டுக் கடனுக்கு எடுத்தா அந்த எட்டு விழுக்காடு கிடையாதுன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு காசையும் இடம் மாத்து லா. இதக் கடனுக்குக் குடு, அதுல பீஸக் கட்டு."

"நிஜமாவா?"

"என்ன நம்பாத. போன் போடு."

கடையிலிருந்தே நிதி நிறுவனத்துக்குப் பேசினோம். வீடும் கடனும் என் பேரில் இருந்தால் போதும், பணம் நேரே கடன் கணக்குக்குப் போகும், வரி பிடிக்கமாட்டார்கள் என்றார்கள். சில நோய்களின் சிகிச்சைக்கு எடுத்தாலும் அப்படித்தானாம். பழைய பாரத்தை அக்கா நாலாகக் கிழித்தார். "மிச்சமான எட்டுல எனக்கு ஒரு தட்டு நாசி கண்டார் சோறு. மீன் முட்டையோட."

புதுப் பாரத்தை அங்கேயே எழுதினேன். அக்கா செக் செய்தார். கடனுக்குப் போகவேண்டியது குறையாமல் போய்ச் சேர்ந்தது. இழப்பீட்டிலிருந்து பீஸைக் கெடு நாளுக்குள் கட்டி, மீதியையும் கடனுக்கே கொடுத்தேன்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை போன பதற்றத்தில் எந்தப் பணத்தையும் தனியாக உட்கார்ந்து எடுக்காதீர்கள். எதற்கு எடுக்கிறோம் என்பதை வேறொருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விதிகள் மாறும், போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் சூலியா தெரு போய்த்தான் வருகிறது. நேற்று அக்கா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் மறுபடியும் பழைய பெயரை எழுதியிருந்தேன்.

"வெறுமையா விடு மாலதி" என்றார். "அடுத்த மாசம் புதுப் பேரா நிரப்பிக்கலாம்."