தம்பியின் கையில் வந்த சம்பளம்

எங்கள் தம்பி போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்றாள் தம்பி மகள் வித்யா. எட்டு வயது இளையவனை, இடுப்பில் தூக்கி வளர்த்தவனை, எனக்கு அப்படி எழுத வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் பிறந்தது, படித்தது எல்லாம் கொச்சி மட்டாஞ்சேரியில்தான். கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் இருபது வருஷம் எடை போட்டான். அதிர்ந்து பேசமாட்டான். தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாது. வீட்டுக்காரரை இழந்து நான் வந்து நின்றபோது, "மாடி அறை அக்காவுக்கு" என்று மட்டும் சொன்னான்.

கிடங்கை மூடியதும், நாற்பத்தைந்து வயதில் துபாய்க்குப் போனான். ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. வேலைக் கடிதத்தில் மாதம் ஆயிரத்து எண்ணூறு திர்ஹம் என்று இருந்தது. அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, வித்யாவை நர்சிங்கில் சேர்க்கச் சொன்னவள் நான்தான். வந்ததோ எண்ணூறு. ஃபீஸ் கட்ட நாள் நெருங்கிவிட்டது. போனில் கத்தினேன்.

"பாக்கி ஆயிரம் எங்கேடா போறது? ஓட்டல்ல தின்னு தீர்க்கறியா?"

"கையில வரதுலதான் அனுப்பறேன், அக்கா."

அந்த மாதம் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்தில், தம்பி அங்கே போய் ஊதாரியாகிவிட்டான் என்று நாலு பேரிடம் சொன்னேன்.

பிறகு ஒரு நாள், அவனோடு அறையில் இருந்த திரூர்க்காரர் போனை வாங்கினார். தம்பி அவரை அண்ணன் முறையில் இக்கா என்பான்.

"சேச்சி, ஞான் சொல்றேன், கேளுங்க. ரூமுக்கும் பஸ்ஸுக்கும் ஐந்நூறு, சாப்பாட்டுக்கு முந்நூறு, எல்லாம் கம்பெனியே பிடிக்கும். கையில ஆயிரம்தான். மெஸ்ஸுல தினம் மீனும் இறைச்சியும். இவன் தொடுவானோ? அங்கேயும் காசு போகுது, தனியா அரிசியும் தயிரும் வாங்கிப் பொங்கித் திங்குறான். மெஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா அந்த முந்நூறு கையில வரும். எழுதுடான்னு சொல்லிச் சொல்லி எனக்கு மடுத்துப் போச்சு!"

"ஏண்டா எழுதலை?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஒரு மாதிரி இருந்தது அக்கா. அவங்ககிட்டப் போய், நீங்க போடற சாப்பாடு வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"கம்பெனிக்காரன் என்ன உன் சம்பந்தியா, கோச்சுக்க?"

இக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. மறுநாள் அவரே எழுதி இவனிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த மாதத்திலிருந்து முந்நூறு கூடுதலாக வந்தது. "அதை நீயே வெச்சுக்கோ, வாய்க்கு ருசியா ஏதாவது வாங்கித் தின்னு" என்றேன். "சரி" என்றான். ஒரு மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை. வித்யா படிப்பை முடித்தாள்.

கடிதத்தில் இருக்கும் சம்பளம் வேறு, கையில் வருவது வேறு என்று எனக்கு ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போகும்போது, என்னென்ன பிடிப்பார்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டுப் போகட்டும்.

எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். போன வருஷம் இதயம் தளர்ந்து, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தான். வித்யாதான் ஒரு நர்ஸாகவும் மகளாகவும் பக்கத்தில் இருந்தாள். வலிக்கிறது என்றுகூட அவள் கேட்டால்தான் சொன்னான்.

அந்த நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், சேதி கேட்டதும் திரூரிலிருந்து பஸ் ஏறி வந்த இக்காவுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

அந்தக் கல்யாணத்தில் நான் சொன்னதைக் கேட்டவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும். நான் சொன்னது தப்பு. தம்பியிடம் அதைச் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. நீங்கள் அன்றைக்கு அதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.