ஸ்கூட் விடாத மூன்று வாரம்

என் அக்கா வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாமாவை ரம்மியில் ஜெயித்தவன் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் கிடையாது. பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை அவர் ஆடவே மாட்டார், அதுதான் சங்கதி. பதின்மூன்று சீட்டையும் விரிப்பார். ஜோக்கர் கலக்காத ரம்மிக்கு வழி இருக்கிறதா? இல்லை, கையில் ஜோக்கராவது இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்த நொடியே கவிழ்த்துவிடுவார்.

"ஸ்கூட்டுங்க மாப்ள."

இப்படி ஸ்கூட் விட்டு ஆடாமலே விலகினால் இருபது புள்ளி நட்டம். ஆடி மாட்டிக்கொண்டால் எண்பது வரை போகும். நானோ எந்தக் கை வந்தாலும் ஆடுவேன். இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தால் சேர்ந்துவிடும் என்று நம்பி, வாரா வாரம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். "கழுதைக்கு வாக்கப்பட்டுட்டு ஒதைக்கு அழுதா ஆகுமுங்களா?" என்று சிரிப்பார். தோற்றவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் போண்டா வாங்கி வர வேண்டும். கடைக்காரன் என்னைக் கண்டாலே பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிடுவான்.

அவருக்கு ஒரே மகன், கௌசிக். பி.இ. படித்துவிட்டு, கோழிப்பண்ணையையும் மரவள்ளிக் காட்டையும் பார்த்துக்கொள்கிறான். முப்பத்தாறு வயது. அக்கா இறந்த பிறகு அப்பனும் மகனுமாகத்தான் பொங்கித் தின்கிறார்கள். எட்டு வருடமாகப் பெண் பார்க்கிறோம். ஜாதகத்தை நீட்டினால், "பையன் பண்ணையமுங்களா?" என்று ஒரு கேள்வி. அதோடு சரி, ஜாதகம் திரும்பி வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் தின்கிற சோறு கம்ப்யூட்டரிலா விளைகிறது?

மாமா கோபப்பட மாட்டார். ஒருமுறை மட்டும் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். "அவுங்களச் சொல்லி என்னுங்க மாப்ள? நானும் அப்பிடித்தானுங்களே, ஒரு பார்வ பாத்துட்டுக் கவுத்தி வெக்கறேன்." கண் கலங்கியிருந்தது.

இந்தத் தை மாதம் ராசிபுரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பெயர் மதுமதி. ஜாதகம் பொருந்தி, அவர்கள் பத்துப் பேர் வேனில் வந்து இறங்கி, வீடு, பண்ணை, கிணறு எல்லாம் பார்த்தார்கள். பெண்ணும் வந்திருந்தாள். கௌசிக்கோடு கால் மணி நேரம் பேசினாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது பெண்ணின் அப்பா, "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றமுங்க" என்றார். அதுவரை எந்தப் பெண் வீட்டாரும் மாமா வீட்டில் கை நனைத்ததே இல்லை. மாமா அன்றைக்கே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்ட மாதிரி நடந்தார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவர் ஸ்கூட் விடவில்லை. ஒன்றுக்கும் உதவாத கையை மடியில் கட்டிக்கொண்டு ஆடினார்.

"ஏனுங் மாமா, என்னத்த நம்பி இத ஆடறீங்க?"

"இருக்கட்டுமுங்க மாப்ள. ஒரு சீட்டு வந்தாப் போதுமுங்க."

என் பேச்சு அவர் வாயில்! அடக் கடவுளே என்றிருந்தது.

மூன்றாவது ஞாயிறு முகூர்த்த நாள். எப்போதும் கூட ஆடுகிற இருவரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நான் போண்டாவோடு போனபோது கௌசிக் பண்ணை வாசலிலேயே என்னை நிறுத்தினான்.

"மாமா, அந்தப் புள்ள மூணு நாளு முந்தி, வேசாலக்கிழமையே போன் பண்ணீருச்சுங்க. இஷ்டமில்லைங்களாமா. எங்கிட்ட நேர்லயே சொல்லீரோணும்னு கூப்புட்டுச்சு, நல்ல புள்ளைங்க. அப்பாகிட்ட இப்பச் சொல்லீராதீங்க. இந்த மூணு வாரமாத்தான் அவரு வயித்துக்குச் சோறு திங்கறாரு."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ச் சீட்டைப் போட்டேன். இரண்டாவது ஆட்டத்தில் மாமாவின் போன் அடித்தது. கல்யாணத் தரகர் அப்புசாமி.

"சொல்லுங்க... சரிங்க... அப்பிடீங்களா... பரவால்லைங்க. அந்தப் புள்ள எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டுமுங்க."

போனை வைத்தார். கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன.

"பையனுக்குத் தெரிய வேண்டாமுங்க மாப்ள. இந்தத் தடவதான் அவன் மொகத்துல கொஞ்சம் சிரிப்பப் பாத்தேன்."

அதற்கும் தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கும் சத்தியம் செய்த மாதிரி ஆகிவிட்டது. யாரிடம் எதைச் சொல்வேன்?

கௌசிக் டீ கொண்டுவந்து வைத்தான். "போன்ல யாருங்கப்பா?"

"தரகரு கூப்புட்டாரு, சாமி. ராசிபுரத்துல இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்களாமா. நல்ல பதிலாத்தான் வருமாமா." மாமா அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "அதுக்குள்ள ஊட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுப் போடலாம் சாமி."

கௌசிக் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்:

"என்ன கலருங்கப்பா அடிக்கலாம்?"